தலைக்காய ஆய்வுகள் வார்டுக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைக்கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்தை ஸ்டீராய்டு குறைக்கும். இது 1960களிலிருந்தே தெரிந்த விஷயம். தலையில் அடிபட்டாலும் மூளை வீங்கத்தானே செய்கிறது, அங்கேயும் கொடுத்தால் என்ன என்று நினைத்துப் பல நாடுகளில் பல ஆண்டுகள் கொடுத்தும் வந்தார்கள். நியாயமான யோசனைதான். 'க்ராஷ்' என்ற பன்னாட்டு ஆய்வு அதை 10,008 பேரிடம் சோதித்தது. 2004இல் வந்த முடிவு இது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 100க்கு 21 பேர், வெற்று மருந்து பெற்றவர்களில் 18 பேர். நூற்றுக்கு மூன்று என்பது ஒரு டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது. தன் வார்டில் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து எவராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. காரணம் சரியாகப் படுகிறது என்பதற்காகவே சிகிச்சையைத் தொடங்கிவிடுவதுதான், என் கணக்கில், இருப்பதிலேயே பெரிய தவறு.

அடுத்தது, மானிட்டரில் மூளை அழுத்தத்தைக் காட்டும் எண் இறங்கியதும் நோயாளி தேறிவிட்டார் என்று நம்புவது. மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மூளைக்குள் அழுத்தம் குறையும், உண்மை. ஆனால் 2011இல் வெளிவந்த 'டெக்ரா' ஆய்வில், அழுத்தம் ஏறத் தொடங்கிய உடனேயே அப்படிச் செய்தவர்களில் ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் 70 சதவீதம். அறுவை இல்லாமல் பார்த்துக்கொண்டவர்களில் 51 சதவீதம். சரி, அப்படியானால் அந்த அறுவையே வேண்டாமா? 2016இல் 'ரெஸ்க்யூ ஐசிபி' ஆய்வு அதைக் கடைசிக் கட்ட முயற்சியாகச் செய்து பார்த்தது. இறப்பு 49 சதவீதத்திலிருந்து 27 ஆகக் குறைந்தது. ஆனால் கண் திறந்தும் சுயநினைவு இல்லாமல் கிடப்பவர்கள் 2 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் கூடினார்கள். ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்திடம் முதல் பாதியை மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது பெரிய அநியாயம்.

மருந்தின் பெயரை எடுத்துக்கொண்டு நேரத்தை விட்டுவிடுவதும் நடக்கிறது. ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றிய 'க்ராஷ் 3' ஆய்வில் (2019), அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தபோது லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களில் தலைக்காயத்தால் வரும் இறப்பு குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ரெஃபரல் சீட்டில் அடிபட்ட நேரத்தை எழுதாமல் விட்டால், அங்கே இருப்பவர்கள் எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

அப்புறம், எளிய கண்டுபிடிப்பை அலட்சியம் செய்வது. வயதானவர் விழுந்து சில வாரம் கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. ஸ்கேனில் பழைய ரத்தம் தேங்கியிருக்கிறது. மண்டையில் சிறு துளை போட்டால் எஞ்சின் ஆயில் நிறத்தில் அது வடிந்து வருகிறது. கழுவிவிட்டு அப்படியே மூடுவதா, இரண்டு நாள் டியூப் வைப்பதா? கேம்பிரிட்ஜில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், டியூப் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு மறுபடி ரத்தம் சேர்ந்தது. வைத்தவர்களில் 9 சதவீதம். அதற்குத் தேவைப்பட்டது ஒரு மெல்லிய குழாயும் பையும்தான். ஆனால் பை தலைமட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், குழாய் மடங்கக் கூடாது என்பதை இரவுப் பணிக்கு வரும் செவிலியருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.