கைப்பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் நான்கு கிழமை

முதலில் தண்ணீர். கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் அம்மாவும் நானும் தம்பிமாரும் வளர்ந்தோம். சென்ற ஆடியில் ஒன்பது மாத மகளோடு ரொறன்ரோவிலிருந்து போய் இறங்கியபோது, அதே தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால்மா கரைக்க அம்மா ஆயத்தமாக நின்றார். நான் மறித்தேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிறது. தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதற்குள் எளிதில் இறங்கிவிடும். அப்படி இறங்கும் நைத்திரேற்று என்ற உப்பு, பல கிணறுகளில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் வலுவை அது குறைத்துவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். ஆகவே பால்மாவுக்கும் கஞ்சிக்கும் போத்தல் தண்ணீர் வாங்குங்கள். அதையும் கொதிக்கவைத்து, 70 பாகைக்குக் குறையாத சூட்டில் மாவைக் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். குளிக்க வார்ப்பதற்குக் கிணற்றுத் தண்ணீர் நல்லது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தண்ணீரே தேவையில்லை, யாழ்ப்பாண வெயிலிலும் தேவையில்லை. பாலை அடிக்கடி கொடுங்கள்.

வெளிக்கிடுவதற்கு ஆறு கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குச் சின்னமுத்துத் தடுப்பூசியை முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தனிக் கடவுச்சீட்டு வேண்டும், தனியாக நுழைவு அனுமதியும் எடுக்க வேண்டும். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இலங்கையில் 230. பால் போத்தல் அவிக்கும் கருவியை நான் இங்கிருந்து கொண்டுபோய்ச் செருகினேன், அன்றே கருகிவிட்டது. அம்மாவின் பெரிய பானை அந்த வேலையைக் குறையில்லாமல் செய்தது.

கார் இருக்கையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கும் மேல். ஏழெட்டு மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். வான் வண்டியை வாடகைக்குப் பேசும்போதே, பின்னிருக்கைப் பட்டி மூன்று இடத்தில் பூட்டுவதா, அது வேலை செய்கிறதா என்று கேட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. வந்த வானில் பட்டி இருந்தது, பூட்டு இல்லை. வேறு வான் வரும் வரை விமான நிலைய வாசலில் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு நின்றேன். வழியில் அனுராதபுரத்தில் ஓர் இரவு தங்கினால் பிள்ளைக்கும் உங்களுக்கும் சுகம்.

கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. மகள் இரவு இரண்டு மணிக்கு எழும்பி விளையாடினாள். காலையில் முற்றத்து வெளிச்சத்தில் வைத்திருங்கள், இரவில் விளக்கைப் போடாதீர்கள். ஒரு கிழமைக்குள் வழிக்கு வரும். அந்த முதற்கிழமை வீட்டை விட்டு அசையாதீர்கள். மூன்றாம் நாளே நான் திருநெல்வேலி, உரும்பிராய், சுன்னாகம், மானிப்பாய் என்று நான்கு வீடுகளுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். நான்கு வீட்டிலும் கை மாறி மாறி, அன்றிரவு கழுத்தெல்லாம் வேர்க்குரு பொங்கிப் பால் குடிக்க மறுத்துவிட்டாள். அதன் பிறகு, “பிள்ளைக்கு நித்திரை குழம்பிவிட்டது, பின்னேரம் நீங்கள் வாருங்கள் மாமி” என்று சொல்லப் பழகினேன். ஒருவரும் கோபிக்கவில்லை. கிணற்றடியில் சவர்க்காரத்தை வையுங்கள். கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவது என்பதை அம்மம்மாவே வாயால் சொல்லட்டும். நாக்கில் தேன் தொட்டு வைக்க வருபவர்களை மட்டும் நீங்களே தடுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகளைக் குழந்தையின் குடல் தாங்காது.

ஏணை கட்டித் தருவார்கள். மகளுக்கு அதில் வந்த நித்திரை வேறெங்கும் வரவில்லை. ஆனால் எழும்பி உட்காரத் தொடங்கிய பிள்ளையை அதில் தனியே விடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்கும் பகல் தூக்கத்துக்கு மட்டும் அது போதும். இரவில் நுளம்பு வலைக்குள், தட்டையான மெத்தையில் கிடத்துங்கள். பகலிலும் வலை வேண்டும், ஏனென்றால் டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்தான். இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. டெங்கு ஒழியவில்லை, அதிலும் மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் பெருகும். மார்கழியா ஆடியா என்று தெரிவு செய்ய முடியுமானால் நான் ஆடியையே சொல்வேன், வெயில் கூடுதலானாலும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போகாமல் மனம் கேட்காது. திருவிழா 25 நாட்கள். இருபத்து நான்காம் நாள் தேர். தேரன்று கைப்பிள்ளையோடு போகாதீர்கள். தொடக்க நாட்களில் ஒரு விடியற்காலைப் பூசைக்குப் போங்கள். வீதி முழுவதும் மணல், தள்ளுவண்டி உருளாது. நெஞ்சோடு கட்டும் துணிப்பை வேண்டும். கசூரினா கடற்கரைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் போனோம். ஆழமில்லாத கடல், கால் நனைத்துவிட்டு வந்தோம். நயினாதீவை அடுத்த தடவைக்கு விட்டேன். அங்கே படகு புறப்படும் குறிகட்டுவான் துறையில் கைப்பிள்ளைக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கியை நான் காணவில்லை.

காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் கொடுக்கலாம். டெங்குவாக இருக்கக்கூடும் என்பதால் இபுபுரோபன் வேண்டாம். பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை தொட்டாலே போதும், உடனே வெளிக்கிடுங்கள்.

கடைசி மூன்று நாட்களுக்கும் ஒரு பயணமும் வைக்காதீர்கள். அந்த நாட்களில் மகள் அம்மாவின் மடியை விட்டு இறங்கவில்லை. அம்மா உடுத்திக் களைந்த நூல்சேலை ஒன்றைத் தோய்க்காமலே வாங்கிக் கைப்பையில் வைத்தேன். தோஹா வந்து சேரும் வரை அதன் தலைப்பைப் பிடித்தபடி தூங்கினாள்.