வீடியோ மெஷினில் ப்ரோப் வைத்து அளப்பது எப்படி? ஒரு ஜல்லடைத் தகடும் நாமும்

தை, மாசி வந்துவிட்டால் துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து பாலிஷர் (அரிசியைத் தீட்டும் இயந்திரம்) ஜல்லடை வேலை வந்துகொண்டே இருக்கும். தகடு முழுக்க நீள நீளமாக ஓட்டைகள், எங்களுக்கு வந்த டிராயிங்கில் அகலம் 1 மி.மீ. அது கொஞ்சம் கூடினாலும் தவிட்டோடு குருணையும் போய்விடும், ஆலைக்காரர் நம்மைத்தான் பிடிப்பார். வெர்னியரின் தாடை அந்த ஓட்டைக்குள் நுழையாது, எனவே வீடியோ மெஷின், அதாவது கேமராவில் பொருளைத் திரையில் பெரிதாகக் காட்டி, தொடாமலே அளக்கும் இயந்திரம்.

புதிதாக வரும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, ப்ரோப் எங்கே?" சி.எம்.எம். என்னும் தொட்டு அளக்கும் இயந்திரத்தைப் பார்த்தவர்கள் நுனியில் சிவப்புக் குண்டு வைத்த கம்பியைத் தேடுவார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது. ப்ரோப் என்பது திரையில் நாம் வைக்கும் ஒரு கோடோ கட்டமோ வளையமோதான். அதற்குள் படம் எந்த இடத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறுகிறதோ அதை விளிம்பு என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் புள்ளி வைக்கிறது. இதை மனதில் வைத்தால் மீதி எல்லாம் எளிது.

சரி, ஆரம்பிப்போம். தகட்டைத் துடையுங்கள். நான் ஒருமுறை துடைக்காமல் வைத்து, எல்லா ஓட்டையும் 0.94 காட்டியதென்று ஒரு லாட்டையே ஒதுக்கிவிட்டேன், பிறகு பின் கேஜ் (துல்லியமான தடிமன் உள்ள அளவுக் கம்பி) போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. விளிம்பில் தேங்கிய எண்ணெயின் நிழலைத்தான் அளந்திருக்கிறேன்!

அடுத்து லென்ஸின் பெரிதாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அந்தப் பெரிதாக்கத்துக்குக் கேலிபரேஷன் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல்) செய்திருக்கிறதா என்று பாருங்கள். ஜூமை மாற்றினால் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்பதும் மாறும். ஓட்டைக்கு அடியிலிருந்து வரும் பேக்லைட் போதும், மேல் விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்: அதிகமாக வைத்தால் வெளிச்சம் விளிம்பைத் தின்றுவிடும், ஓட்டை பெரிதாகவும் தகட்டின் வெளி அளவு சிறிதாகவும் தெரியும். வெள்ளை முழுக்க வெளிறிப்போகாமல் லேசான சாம்பல் தெரியும் அளவுக்குக் குறையுங்கள். அப்புறம் ஃபோகஸ், விளிம்பு கத்தி போலத் தெரிய வேண்டும்.

இனி தகட்டின் நீள விளிம்பில் ஒரு கோடு எடுத்து அதை எக்ஸ் அச்சாக வையுங்கள். தகடு மேசையில் கோணலாக இருந்தாலும் மென்பொருள் திருத்திக்கொள்ளும்.

இப்போது ஓட்டை. கிராஸ்ஹேரை (திரையில் தெரியும் கூட்டல் குறிக் கோடுகளை) கையால் விளிம்பில் வைத்துப் புள்ளி எடுக்கலாம்தான், ஆனால் உங்கள் கண் ஒன்று சொல்லும், என் கண் ஒன்று சொல்லும். அதைவிடக் கட்ட ப்ரோப்பை எடுத்து ஓட்டையின் ஒரு நீளப் பக்கத்தின் மேல் வையுங்கள், அம்புக்குறி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும்படி. அந்த நீளம் முழுக்க வரிசையாகப் புள்ளிகள் விழும், அவற்றிலிருந்து ஒரு கோடு கிடைக்கும். எதிர்ப் பக்கத்திலும் அப்படியே செய்து இரண்டு கோட்டுக்கும் நடுவே தூரம் கேளுங்கள், அதுதான் அகலம். ஓட்டை முனையின் வளைவைக் கட்டத்துக்குள் இழுத்துவிடாதீர்கள், கோடு சாய்ந்துவிடும். ஓரத்தில் இருக்கும் போல்ட் துளைகளுக்கு வளைய ப்ரோப். வட்டத்துக்கு 3 புள்ளி போதும் என்பது கணக்கு, ஆனால் சுற்றிலும் பரவலாக இருபது முப்பதாவது விழட்டும்.

எண் வந்ததும் எழுதிக்கொண்டு ஓடாதீர்கள். புள்ளிகள் எங்கே விழுந்தன என்று திரையில் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் தள்ளி நின்றால் தூசி, ஃபில்டர் போட்டு நீக்கலாம். ஒரு பக்கம் முழுக்க ரம்பம் மாதிரி இருந்தால் அது ஓட்டை போடும் பஞ்ச் விட்ட பிசிறு, அதை ஃபில்டரில் மறைக்காமல் பட்டறைக்குள் போய்ச் சொல்ல வேண்டும்.

1 மி.மீ. அகலத்துக்கு வெயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தகட்டின் நீளத்தை அளக்கும்போது கவலைப்படுங்கள்: அளவுகளெல்லாம் 20 டிகிரிக்குச் சொல்லப்படுபவை, நம் ஊர்ச் சித்திரையில் ஏசி இல்லாத அறையில் 34 டிகிரி இருந்தால் 300 மி.மீ. இரும்புத் தகடு கிட்டத்தட்ட 0.05 மி.மீ. நீண்டுதான் இருக்கும்.

இத்தனையையும் புரோகிராமாகச் சேமித்துவிட்டால் அடுத்த தகட்டுக்கு ப்ரோப்புகள் தானாகவே அந்தந்த இடத்துக்குப் போகும். தகட்டைத் திருப்பி வைத்துவிட்டாலும் போகும், பக்கத்து ஓட்டையின் விளிம்பைப் பிடித்து ஏதோ ஓர் எண்ணையும் தரும், அதனால் எந்த மூலை எந்தப் பக்கம் என்று ஸ்கெட்ச் பேனாவில் மேசை ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறோம்.