வளர்ச்சியும் காற்று மாசும்: வரைபடத்தை எப்படிச் சோதிப்பது

“நாட்டில் பணம் சேர்ந்தால் காற்று தானாகச் சுத்தமாகிவிடும்” என்று யாராவது ஒரு வரைபடத்தை நீட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். அப்படி ஒரு படத்தை வரைந்து வகுப்பில் பெருமையாகக் காட்டியவன் நான்.

நீங்களே வரைந்து பாருங்கள். அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1970-ஐ 100 என்று வையுங்கள். 2020-க்குள் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, 272 சதவீதம் கூடியது; கோடு 372-இல் போய் நிற்கும். ஆறு முக்கிய மாசுகளின் மொத்த அளவு 78 சதவீதம் குறைந்தது. அந்தக் கோடு 22-இல். ஒன்று தாளின் உச்சியில், மற்றது அடியில். பார்க்க ஜோராக இருக்கும். இந்த இடத்தில்தான் நான் பேனாவை மூடினேன்.

நீங்கள் மூடாமல், சட்டங்கள் வந்த ஆண்டுகளைக் கீழே குறியுங்கள். 1970, தூய காற்றுச் சட்டம். 1990, அதன் திருத்தம். அனல் மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு வந்தது அதில்தான். முதல் கட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. கந்தகத்துக்குத் தனிக்கோடு போட்டால், அந்த ஒரே ஆண்டில் படி இறங்கினாற்போல் சட்டென்று சறுக்குவது தெரியும். ஜிடிபி கோட்டில் அந்த ஆண்டு விசேஷமாக எதுவும் இல்லை. லண்டனும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகப் பணக்கார நகரம், ஆனாலும் நிலக்கரிப் புகைக்குள்ளேயே கிடந்தது. 1952 டிசம்பர் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகுதான் 1956-இல் சட்டம் வந்தது.

சரி, அடுத்தது மாசுகளைப் பிரிப்பது. “சார், அம்மோனியா எங்கே?” என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் என் படத்தின் ஓட்டை எனக்கே தெரிந்தது. அந்த ஆறில் அம்மோனியா கிடையாது. கந்தகம் பெரும்பாலும் எண்ணிவிடக்கூடிய புகைபோக்கிகளிலிருந்து வருவது, பிடிப்பது சுலபம். அம்மோனியா மாட்டுச் சாணத்திலிருந்தும் உரத்திலிருந்தும் வருகிறது. ஐரோப்பாவில்கூட மற்ற மாசுகள் அளவுக்கு அது குறையவில்லை. கார்பன் டை ஆக்சைடும் அந்த ஆறில் இல்லை. அமெரிக்காவில் 2020-இல் அது 1970-ஐவிடச் சற்று அதிகமாகவே இருந்தது.

அப்புறம், “ஆலைகளை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான்” என்பவரையும் அப்படியே நம்பவேண்டாம். 1990 முதல் 2008 வரை அமெரிக்க ஆலைகளின் காற்று மாசு சுமார் 60 சதவீதம் குறைந்தது, உற்பத்தியோ கூடியது. அதே பொருளைக் குறைந்த புகையோடு செய்ததே முக்கியக் காரணம்.

எண் எங்கே அளந்தது என்றும் பாருங்கள். சோதனைக்கூடத்தில் தேறிய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சாலையில் வரம்பைப் பல மடங்கு மீறியது 2015-இல் அம்பலமானது.

காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகளுக்கு (PM2.5) உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைக் குறுக்கே போடுவதாக இருந்தால், அந்தக் கோட்டை மட்டும் பென்சிலால் போடுங்கள். 2005-இல் ஆண்டுச் சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் என்றார்கள், 2021-இல் அதை 5 ஆக்கிவிட்டார்கள்.