வார்டு எண்ணைத் தேடாதீர்கள், தெருவைத் தேடுங்கள்

சென்னையின் ஆதம்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் 31 ஆண்டுகள் தபால் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றதும், எங்கள் தெருவுக்கு யார் யார் கவுன்சிலராக இருந்தார்கள், எதிர்த்து நின்றவர்கள் யார், எத்தனை ஓட்டு என்று எழுதிவைக்க ஆசைப்பட்டேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலைக்கு ஏழு மாதம் ஆனது. நீங்களும் உங்கள் வார்டுக்கு இதைச் செய்ய வேண்டும் என்பதற்காகவே வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டில் உங்கள் தெருவின் பெயரையும், அதைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களின் பெயர்களையும் எழுதுங்கள். ஐந்தும் வேண்டும். பிள்ளையார் கோயில் தெரு என்று மட்டும் எழுதினால், அது எந்தப் பிள்ளையார் என்று கேட்க வேண்டியிருக்கும். பின்கோடை நம்பாதீர்கள், 600088 என்பது தபால் நிலையத்தின் எல்லை, வார்டின் எல்லை அன்று. சொத்து வரி ரசீதில் இருக்கும் வார்டு எண்ணும் வரி வசூலுக்கானது; தேர்தல் வார்டோடு அது ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

அடுத்து 2022 பிப்ரவரித் தேர்தலில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கென வார்டு வாரியாகப் பிரித்த வாக்காளர் பட்டியலில் தெருப் பெயர்கள் இருக்கும். உங்கள் ஐந்து தெருக்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு முந்தைய தேர்தல் 2011 அக்டோபர். நடுவில் 2018இல் வார்டு மறுவரையறை நடந்ததால், எண் மாறாவிட்டாலும் ஓரத்துத் தெருக்கள் பக்கத்து வார்டுக்குப் போயிருக்கலாம். 2016இலும் வேட்புமனுக்கள் வாங்கினார்கள். ஆனால் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. கவுன்சிலரே இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. அந்த ஆண்டின் வேட்பாளர் பட்டியல் கையில் கிடைத்தால் தனிப் பக்கத்தில் வையுங்கள், தேர்தல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2011க்கு முன்னால்தான் பலரும் வழி தவறுகிறார்கள். பழைய சென்னை மாநகராட்சியில் 155 வார்டுகள். 2011இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து 200 ஆக்கியபோது, பழைய 155 வார்டுகள் 107ஆகச் சுருங்கின, எண்களும் புதிதாக இடப்பட்டன. எனவே இன்றைய 134ஆம் வார்டுக்கு 2006இன் 134ஐத் தேடினால் வேறு யாரோ ஒருவருடைய வரலாறுதான் கிடைக்கும். எங்கள் ஆலந்தூர் மண்டலத்தின் வார்டுகள் 156 முதல் 167 வரை. அன்றைய சென்னையில் இந்த எண்களே கிடையாது. எங்களுக்கு 1996, 2001, 2006 முடிவுகள் ஆலந்தூர் நகராட்சியின் பெயரில்தான் கிடைக்கும். அதே மண்டலத்தில் இருக்கும் மீனம்பாக்கம் அப்போது பேரூராட்சி. முகலிவாக்கம் ஊராட்சி, ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் கட்சிக்கான கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். 'எல்லாருக்கும் தெரியும், அவர் இந்தக் கட்சிதான்' என்று யார் சொன்னாலும் எழுதாதீர்கள்.

பெரியவர்களிடம் அவசியம் கேளுங்கள். எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் கட்டியதை இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அந்தக் காலத்துக் கவுன்சிலர் பெயரும் கூடவே வந்துவிடும். ஆனால் 1996, 2001 தேர்தல்களில் நகராட்சித் தலைவருக்கு ஓர் ஓட்டு, கவுன்சிலருக்கு ஓர் ஓட்டு என இரண்டு போட்டோம். 2006இல் கவுன்சிலருக்கு மட்டும்தான். தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 'நான் அவருக்குத்தான் போட்டேன்' என்று ஒருவர் சொன்னால், எந்தப் பதவிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு அம்மாள் உறுதியாகச் சொன்ன பெயரைக் கவுன்சிலர் வரிசையில் எழுதி, மூன்று மாதம் கழித்து அந்தப் பெயரை அடித்து நீக்கினேன்.

பெயரைக் காகிதத்தோடு ஒத்துப்பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேளுங்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்த நாளிலிருந்து ஒரு வாரத்து இதழ்களைப் புரட்டினால் போதும். அங்கும் கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'எங்கள் வார்டு வரலாறு என்ன?' என்று கேட்டால் பயன் இல்லை. 'ஆலந்தூர் நகராட்சியின் 2001 சாதாரணத் தேர்தலில் இன்ன வார்டின் முடிவுத் தாள் நகல், வார்டு எல்லை அறிவிக்கையின் நகல்' என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் கவலையில்லை; உரிய இடத்துக்கு ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதை நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு தேர்தலின் பக்கத்திலும் வார்டு பொதுவா, பெண்களுக்கா, பட்டியல் இனத்தவருக்கா என்பதைக் குறியுங்கள். தொடர்ந்து நின்ற ஒருவர் திடீரென்று ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பல சமயம் அந்த ஒரு சொல்லே விடையாக இருக்கும்.