பி53-க்கு வெஸ்டர்ன் பிளாட்: முதன்முறை செய்வோருக்கு

வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, வேண்டியதை ஆன்டிபாடியால் கண்டறியும் முறை. புற்றுநோய் ஆய்வில் அதைப் பழக பி53 வசதியான புரதம். பல கட்டிகளில் இதன் மரபணு திரிந்திருக்கும். திரிந்த புரதம் பெரும்பாலும் எளிதில் சிதையாமல் செல்லில் குவிவதால் அதன் பட்டை (பிளாட்டில் புரதம் நிற்கும் கோடு) பளிச்சென்று தெரியும்.

1. செல்களைத் தேர்ந்தெடுங்கள். எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுச் செல்லில் திரிந்த பி53 ஏராளம். எம்சிஎஃப்-7-இல் இயல்பானது, அளவு குறைவு. நுரையீரல் புற்றுச் செல்லான எச்1299-இல் அறவே கிடையாது. இந்தக் கடைசிச் செல்லுக்கான லேன் (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் தடம்) இல்லாத பிளாட்டை நம்பாதீர்கள். அங்கேயும் 53 கிலோடால்டன் (புரத எடை அலகு) இடத்தில் பட்டை விழுந்தால், ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது, அல்லது பக்கத்து லேன் சிந்தியிருக்கிறது.

2. லைசேட் (செல்லை உடைத்தெடுத்த புரதக் கரைசல்). செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, புரதச் சிதைவைத் தடுக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் கலந்த, செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில் 30 நிமிடம் ஐஸில் வையுங்கள். 14,000 ஜி வேகம், 4 டிகிரி, 15 நிமிடம் சுழற்றி மேல்நீரை எடுங்கள். பிசிஏ முறையில் புரத அளவை அளந்து லேனுக்கு 30 மைக்ரோகிராம். லெம்லி பஃபரில் (ஜெல்லுக்கு மாதிரியைத் தயாராக்கும் கரைசல்) 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். மாதிரி சளிபோல் இழுபட்டால் அது டிஎன்ஏ. சில நொடி சோனிகேட் செய்யுங்கள் (ஒலியலையால் உடையுங்கள்), இல்லாவிட்டால் லேன் கோணும்.

3. ஜெல். 10% போதும். 80 வோல்ட்டில் தொடங்கி, சாயம் மேலடுக்கான ஸ்டாக்கிங் ஜெல்லைத் தாண்டியதும் 120.

4. டிரான்ஸ்ஃபர். பெரும்பாலான பிளாட்கள் பாழாவது இங்கேதான். பிவிடிஎஃப் மெம்பிரேனை மெத்தனாலில் ஒரு நிமிடம் நனையுங்கள்; நனைக்காவிட்டால் புரதம் ஒட்டாது. ஜெல் எதிர்மின்முனைப் பக்கம், மெம்பிரேன் நேர்மின்முனைப் பக்கம். மாற்றி அடுக்கினால் புரதம் முழுக்க பஃபருக்குள் போய்விடும். உருளையால் குமிழிகளை நெட்டித் தள்ளுங்கள். குமிழி இருந்த இடம் வட்டமாக வெறிச்சோடி நிற்கும். 100 வோல்ட், ஒரு மணி நேரம், ஐஸ் சூழ. முடிந்ததும் புரதத்தைச் சிவப்பாகக் காட்டும் பான்சோ சாயம். எல்லா லேனும் ஒரே அளவில் சிவக்காவிட்டால் ஆன்டிபாடியை வீணாக்காமல் இங்கேயே நிறுத்துங்கள்.

5. பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடுதல்), ஆன்டிபாடி. டிபிஎஸ்டி என்ற கழுவு பஃபரில் 5% கொழுப்பில்லாப் பால்பவுடர், ஒரு மணி நேரம். பிறகு 75 கிலோடால்டன் மார்க்கர் (எடை தெரிந்த அளவுப் புரதம்) அருகே மெம்பிரேனை வெட்டுங்கள். கீழ்ப்பகுதிக்கு பி53-ஐப் பிடிக்கும் டிஓ-1 ஆன்டிபாடி (தொடக்கத்துக்கு 1:1000), மேல்பகுதிக்கு லோடிங் கன்ட்ரோலாக (லேன்களில் சம அளவு புரதம் ஏறியதா என்று பார்க்க) 120 கிலோடால்டனை ஒட்டிய வின்குலின் புரதத்துக்கான ஆன்டிபாடி. டியூபுலின் வேண்டாம், அது 50–55-இல் பி53 மேலேயே வந்து உட்காரும். இரவு முழுக்க 4 டிகிரி. காலையில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று கழுவல், முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும், எச்ஆர்பி நொதி இணைத்த இரண்டாம் ஆன்டிபாடி 1:5000 ஒரு மணி நேரம், மீண்டும் மூன்று கழுவல். இரண்டாம் ஆன்டிபாடிக் கரைசலில் சோடியம் அசைடு கூடாது, எச்ஆர்பி செயலிழந்துவிடும்.

6. இசிஎல் (எச்ஆர்பி-யால் ஒளிரும் சப்ஸ்ட்ரேட்). 10 நொடி, 30 நொடி, 2 நிமிடம் எனப் பல எக்ஸ்போஷர் எடுங்கள். செறிவுற்ற பட்டையை அளந்து பயனில்லை. பட்டையின் நடுப்பகுதி வெளுத்திருந்தால் சமிக்ஞை குறைவல்ல, ஆன்டிபாடி அதிகம்: சப்ஸ்ட்ரேட் அங்கே தீர்ந்துவிட்டது. ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்து பாருங்கள்.

செல்லுக்குப் பதில் எலியில் வளர்த்த கட்டி என்றால் ஒரு சிக்கல். டிஓ-1 எலியிலிருந்து வந்த ஆன்டிபாடி. இரண்டாம் ஆன்டிபாடி திசுவிலுள்ள எலியின் சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜி-யையும் பிடிக்கும். அதன் கனச்சங்கிலி 50 கிலோடால்டன், பி53-க்கு ஒட்டி நிற்கும். அங்கே முயல் ஆன்டிபாடிக்கு மாறுங்கள்.