வெரிகோசீல்: ஊசித்துளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்யக்கூடாதவை

"விரையில நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள் நம்மவர்கள். முதல் தவறு அந்த 'நரம்பு' என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பேச்சுத்தமிழில் ரத்தக்குழாயும் நரம்புதான், உணர்வைக் கடத்துவதும் நரம்புதான். ஆகவே வெரிகோசீல் என்று கேட்டதும் நரம்புத் தளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு ஊரிலிருந்து லேகியம் வரவழைப்பார்கள். நானே ஒரு டப்பா தின்று முடித்தவன். இங்கே கெட்டுப்போனது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். விரையிலிருந்து மேலேற வேண்டிய ரத்தம், குழாயின் வால்வுகள் சரியாக மூடாததால் திரும்பிக் கீழிறங்கித் தேங்க, சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. இதுதான் வெரிகோசீல். இடப்பக்கச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் போய்ச் சேர்கிறது. அதனால் பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும். ஆண்களில் 100க்குச் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. தேங்கிய ரத்தத்தின் சூட்டில் விந்தணு உற்பத்தி குறையலாம்.

அடுத்தது வெட்கம். டாக்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நான் கட்டிலில் படுத்தபடியே காட்டிவிட்டு ஓடப் பார்த்தேன். படுத்தால் ரத்தம் வடிந்து வீக்கம் அமுங்கிவிடும், எதுவும் தட்டுப்படாது. நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னபோதுதான் கைக்கு வெந்த சேமியாவைப்போல அகப்பட்டது. கைக்கு அகப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்குப் பொதுவாகச் சிகிச்சையே வேண்டாம். ஆனால் வலப்பக்கம் மட்டும் வந்தாலோ, நடுவயதில் திடீரென்று தோன்றினாலோ, படுத்தும் அமுங்காவிட்டாலோ, வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சிறுநீரகத்தில் கட்டி அழுத்திக்கொண்டிருக்கலாம். சட்டென்று தாங்கமுடியாத வலி என்றால் வெரிகோசீல் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் காப்பாற்றியாக வேண்டும். நேரே அவசரப் பிரிவு.

எனக்குக் கோபம் வருகிற தவறு வேறு. குழந்தை தள்ளிப்போனால் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், செவ்வாய்க்கிழமை விரதம் எல்லாம் முடிந்த பிறகுதான் கணவனின் விந்துப் பரிசோதனைக்கு முறை வரும். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் ஆனது. மலிவான, வலியில்லாத பரிசோதனை அது. அதைத்தான் கடைசியில் வைக்கிறோம். இதன் மறுபக்கமும் தவறே: கணவனுக்கு வெரிகோசீல் கண்டுபிடித்ததும் மனைவியின் பரிசோதனையை நிறுத்திவிடுவது. இருவரையும் சேர்த்துப் பார்த்துத்தான் சிகிச்சை பயன்படுமா என்று முடிவெடுக்க வேண்டும். மனைவிக்கு வயது கூடிக்கொண்டிருந்தால் காத்திருக்க நேரம் இருக்கிறதா என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

தலைப்பில் சொன்ன ஊசித்துளைச் சிகிச்சைக்குப் பெயர் எம்போலைசேஷன். வெட்டுத்தையல் இல்லாத சிகிச்சை. கழுத்திலோ தொடை இடுக்கிலோ ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாயைச் சிரைக்குள் இறக்கி, கம்பிச்சுருளையும் மருந்தையும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். எனக்குக் கழுத்தில் போட்டார்கள். எக்ஸ்ரே திரையில் குழாய் நெளிந்து இறங்குவது தெரிந்தது. சிரை எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சாயம் செலுத்தியபோது வயிற்றுக்குள் வெந்நீர் பரவினாற்போலச் சூடு. மேசையிலும் முக்கச் சொன்னார்கள். அன்று மாலையே கழுத்தில் ஒரு பிளாஸ்திரியோடு வீடு திரும்பினேன். லிஃப்ட்டில் பக்கத்து வீட்டு அங்கிள், "தொண்டையில என்ன தம்பி?" என்றார். ஆமாம் அங்கிள், தொண்டைதான் என்றேன்.

"துளைதானே" என்று அலட்சியமாகப் போவதும் தவறு. அயோடின் சாயத்துக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலருக்குச் சிரையின் அமைப்பால் குழாய் உள்ளே போகவே போகாது. அப்படியானால் அடுத்து என்ன என்று முன்னமே கேட்டுவைக்க வேண்டும். நுண்ணோக்கி வைத்துச் செய்யும் சிறு அறுவையில் வெரிகோசீல் திரும்பி வருவது குறைவு. எம்போலைசேஷனில் வேலைக்குத் திரும்புவது சீக்கிரம். இரண்டையும் விளக்காமல் ஒன்றை மட்டும் விற்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இங்கே சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போன்ற இடத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்காமல் நேரே நிபுணரிடம் போனால் மானியத்தை இழப்பார்கள். வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு மானியம் இல்லை. முதலாளி எடுத்திருக்கும் காப்புறுதி இதை ஏற்குமா என்று தேதி குறிப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மகப்பேறின்மைக்கான சிகிச்சை என்று எழுதினால் மறுக்கும் காப்புறுதிகள் உண்டு.

வீடு திரும்பிய பிறகு கொஞ்சநாள் கீழ்முதுகிலும் விரையிலும் மந்தமான வலி இருக்கும். மருத்துவர் சொல்லும்வரை பாரம் தூக்கக்கூடாது. தேசிய சேவையில் இருப்பவர்கள் மருத்துவச் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். வீரம் காட்டி மூன்றாம் நாளே பாரமான பையைச் சுமந்தால் துளை போட்ட இடத்தில் ரத்தம் கசியலாம். காய்ச்சலோ வீக்கமோ கூடினால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நான் செய்த கடைசி அசட்டுத்தனம், மூன்றாவது வாரமே விந்துப் பரிசோதனைக்குப் போனது. எண்ணிக்கை அப்படியே இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு விந்தணு உருவாகி முடிக்கவே 70 நாளுக்கு மேல் ஆகும். அப்போது நான் கொடுத்தது சிகிச்சைக்கு முன்பே உருவாகத் தொடங்கிய அணுக்களை. மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, அதே ஆய்வகத்தில் கொடுங்கள். அதற்கு முன்னால் வரும் எண்ணை மாமியாரிடம்கூடச் சொல்லாதீர்கள்.