மன்னிப்புக் கேட்பதில் எங்கே சறுக்குகிறோம்

முதல் வேலை, செய்த தவற்றை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுவது. அதன் எழுவாய் 'நான்' என்று இருக்க வேண்டும். பலருடைய மன்னிப்பு இங்கேயே கெட்டுவிடுகிறது, ஏனென்றால் தமிழில் தப்பிக்கும் வழி வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'தொலைஞ்சு போச்சு', 'மறந்து போச்சு', 'வாய் தவறி வந்துடுச்சு'. மூன்றிலும் செய்த ஆளைக் காணோம். பொருள் தானாகத் தொலைந்தது, வாய் தானாகப் பேசியது! 'தொலைச்சுட்டேன்', 'மறந்துட்டேன்', 'சொல்லிட்டேன்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தயங்கினால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

பிறகு அந்தத் தாளில் 'ஆனா' இருந்தால் அடித்துவிடுங்கள். 'தப்புதான், ஆனா நீயும்...' என்று தொடங்கியதும் முன்பாதி கேட்பவர் காதிலிருந்து அழிந்துவிடும். 'மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோ' என்பது அதைவிட மோசம். புண்பட்டதா இல்லையா என்பதையே சந்தேகமாக்கிவிடுகிறது. 'நேத்து எல்லார் முன்னாடியும் உன்னைக் கேலி பண்ணினேன். அது தப்பு.' இவ்வளவு போதும்.

போனவுடன் கொட்டிவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் தன் மனக்குறையைச் சொல்லி முடிக்கட்டும். குறுக்கே பேசாமல் கேட்டு, புரிந்துகொண்டதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். அவசர மன்னிப்பு பெரும்பாலும் வாயை அடைக்கும் வழி; காதலிலும் திருமணத்திலும் இது அதிகம். நாளுக்குப் பத்து 'ஸாரி' சொல்பவரிடம் எதற்கென்று கேட்டால் முழிப்பார். தவற்றைச் சொல்லாமல் பரிசை நீட்டுவதும் அதே வகைதான், கொஞ்சம் செலவு கூட.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, மன்னிப்பின் 6 கூறுகளை ஒப்பிட்டது. பொறுப்பேற்பது முதலிடம், ஈடுசெய்ய முன்வருவது அடுத்த இடம். 'மன்னித்துவிடு' என்று கேட்பதற்குக் கடைசி இடம். நாம் எதை மன்னிப்பு என்று நினைக்கிறோமோ அது இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ஆகவே ஈட்டில் கவனம் வையுங்கள். 'இனிமே பாத்து நடந்துக்கறேன்' என்பது ஈடு ஆகாது. என்ன, எப்போது என்ற இரண்டும் வேண்டும்: 'சனிக்கிழமைக்குள்ள பணத்தைத் தந்துடறேன்.' நாலு பேர் நடுவே பொய் சொல்லியிருந்தால், அதே நாலு பேரிடம் திருத்த வேண்டும். தனியே வந்து காலில் விழுந்தாலும் அந்தப் பொய் வெளியே உலவிக்கொண்டுதான் இருக்கும்.

கடவுளிடம் முறையிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வது எல்லா நம்பிக்கையினருக்கும் வசதியான வழி. யூத மரபு இதை ஒப்புவதில்லை: மனிதருக்குச் செய்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தாமல், ஆண்டுக்கொரு முறை கடவுளிடம் மன்னிப்பு வேண்டும் பாவநிவிர்த்தி நாளும் போக்காது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு எண்ணிக்கையே வைத்தார். மறுப்பவரிடம் 3 முறை போகலாம், ஒவ்வொரு முறையும் நண்பர்கள் மூவரோடு. பிறகும் இணங்காவிட்டால் விட்டுவிடலாம், ஆசிரியரிடம் மட்டும் மன்னிக்கும்வரை போக வேண்டும். நண்பர்களை அழைத்துப் போவது இன்று நெருக்கடி கொடுப்பதாகத் தோன்றலாம், ஆனால் எல்லை ஒன்று இருப்பது நல்லது.

'இனி என்னிடம் பேசாதே' என்று சொன்னவரிடம் ஒரு முறைகூடப் போகாதீர்கள். மற்றபடி, கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். மறுநாள் காலையில் 'இன்னுமா கோபம்?' என்று கேட்டால், தாளை எடுத்து முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.